ஏறாமலும் இறங்காமலும் நின்ற எண்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் இன்சார்ஜ் கேட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கேட்டார் என்றால் தப்பு அவர்மேல்தான். ஓய்வு பெற்று சந்தவாசலில் வந்து உட்கார்ந்த பிறகு என் பேச்சைக் கேட்க ஆளில்லை. நான் வாயைத் திறந்தால் என் வீட்டுக்காரர் காது மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

மிஷினை ஓட்டுவதைப் பற்றியோ கன்ட்ரோல் போடுவதைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மிஷின் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நமக்கு மட்டும் ஏதோ இடிக்குமே, அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

சர்க்கரை, யூரியா எல்லாம் ரத்தத்தில் தாராளமாக இருக்கும். நேராக அளந்துவிடலாம். ஹார்மோனும் வைட்டமினும் அப்படி இல்லை. துளித்துளியாகத்தான் இருக்கும், மிஷின் கண்ணுக்கு நேராகத் தெரியாது. அதனால் டெஸ்ட்டுக்கு வரும் மருந்துக் கிட்டில் இரண்டு கைகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு கை ஹார்மோனைப் பிடிக்கும். இன்னொரு கையில் விளக்கு. ஹார்மோன் நடுவில் வந்தால்தான் இரண்டு கையும் சேரும், வெளிச்சம் வரும். மிஷின் எண்ணுவது அந்த வெளிச்சத்தை மட்டுமே. நாம் அதை ஹார்மோன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வெளிச்சம் வேறு வழியிலும் வரலாம், வராமலும் போகலாம் என்பதைச் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மறக்காதீர்கள்.

எங்கள் மருத்துவமனையின் நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் ஒரே வாரத்தில் தைராய்டு தாறுமாறாக வந்தது. ஹாஸ்டல் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று வார்டன் தொட்டியைக் கழுவ ஆள் பிடித்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். மூன்று பேருக்கும் நோயாளிக் களையே இல்லை. முடி மட்டும் பளபளவென்று இருந்தது. "இன்னா பொண்ணுங்களா, தலைக்கு இன்னா போடுறீங்க?" என்றேன். "தலைக்கு இல்ல மேடம், வாய்க்கு" என்று ஒருத்தி ஒரு டப்பாவை நீட்டினாள். முடி வளர மாத்திரை. மூன்று பேரும் பங்கு போட்டு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே பயோட்டின் என்கிற வைட்டமின், மூட்டை மூட்டையாக. நம்முடைய கிட்டில் அதே பயோட்டினைத்தான் பசை மாதிரி உபயோகிக்கிறார்கள். ரத்தத்திலும் அது நிரம்பியிருந்தால் கிட் குழம்பிவிடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்துத் திரும்ப எடுத்தோம். மூன்று பேருக்கும் தைராய்டு சமர்த்தாக இருந்தது. தொட்டி சுத்தமானதுதான் மிச்சம்.

இதைச் சொல்லி நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மாதேஸ்வரியின் கதையைச் சொல்லி யாரையும் சிரிக்க வைத்ததில்லை.

மாதேஸ்வரிக்குப் புதூர்நாட்டுக்கும் மேலே ஒரு மலைக் கிராமம். அவளும் அவள் புருஷன் கோவிந்தனும் சாமை விதைப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒருமுறை கரு தங்கிக் கலைந்திருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நாள் தள்ளிப்போய், லேசாகத் தீட்டும் பட்டுக்கொண்டிருந்ததால் அடிவாரத்தில் இருந்த எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள். டாக்டர் ரத்தத்தில் பீட்டா பார்க்க எழுதினார். கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் அது. எண் இருநூற்றுச் சொச்சம் வந்தது. கர்ப்பம் இல்லாதவளுக்கு அது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வாங்க லேப் ஜன்னலுக்கு அவளே வந்தாள். என்னிடம் காகிதத்தைத் திருப்பிக் காட்டி, "நல்லதாம்மா, நீ சொல்லு" என்றாள். மலைக்காரர்களுக்கு யாராக இருந்தாலும் 'நீ'தான், அதில் ஒரு கள்ளமும் இருக்காது. "நல்லதுதான் மாதேஸ்வரி, டாக்டரைப் பாரு" என்றேன். கோவிந்தன் அந்தக் காகிதத்தை மடிக்கக்கூட மனசில்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வந்தாள். கர்ப்பப்பையில் ஒன்றும் இல்லை. குழாய்களிலும் ஒன்றும் தெரியவில்லை. பீட்டாவைத் திரும்பப் பார்த்தோம். அதே இருநூற்றுச் சொச்சம். வார்டில் சேர்த்து, ஒருநாள் விட்டு மறுபடி பார்த்தோம். அதே எண்.

எங்கள் மகப்பேறு டாக்டர் செங்கத்துப் பெண். வயதில் என் மகளைவிடச் சின்னவர், பொறுப்பில் என்னைவிடப் பெரியவர். அவருக்கு இரண்டு பயம். கரு குழாயில் தங்கி, ஸ்கேனுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கலாம். வெடித்தால் உயிருக்கு ஆபத்து. இல்லையென்றால், முன்பு கலைந்த கருவின் திசு கொஞ்சம் உள்ளேயே தங்கி, கெட்ட விதமாக வளர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே ஊசி, புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. போட்டால் பல மாதம் கர்ப்பம் கூடாது. எண் இறங்காவிட்டால் இன்னும் கடுமையான மருந்துகள். அதற்கும் இறங்காவிட்டால் கர்ப்பப்பையை எடுப்பது. திங்கட்கிழமை காலை முதல் ஊசி என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மாலை மூன்று ரிப்போர்ட்டையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். அளவு தெரிந்த சாம்பிளை ஓட்டிப் பார்க்கும் கன்ட்ரோல் அருமையாக இருந்தது. எங்கள் லேபைச் சோதிக்க வெளியிலிருந்து அனுப்பும் சாம்பிளிலும் நாங்கள் அந்த மாதம் நல்ல மார்க் வாங்கியிருந்தோம். யார் கேட்டாலும் ரிப்போர்ட் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்கு மட்டும் அந்த எண் பிடிக்கவில்லை. கரு வளர்ந்தால் எண் ஏறும். கரைந்தால் இறங்கும். கெட்டது வளர்ந்தாலும் ஏறும். உடம்புக்குள் இருக்கிற எதுவும் இத்தனை நாள் ஒரே இடத்தில் சும்மா நிற்காது. நிற்கிறது என்றால் அது உடம்பின் வேலையா, நம் கிட்டின் வேலையா என்று யாராவது கேட்க வேண்டும். கேட்க அங்கே என்னைத் தவிர ஆளில்லை.

வார்டுக்குப் போனேன். மாதேஸ்வரி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாதேஸ்வரி, அவரை ஏன் வறுக்கிற?"

"பின்ன இன்னாம்மா. வூட்ல ரெண்டு ஆடு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. நீ போய்ட்டு பாருன்னா போவ மாட்டேன்றாரு. போனாலும் குட்டி குறுக்கால நின்னுக்கினா கைய வுட்டுத் திருப்பி இழுக்கத் தெரியாது இந்தாளுக்கு."

"நீதான் கைவிட்டு இழுப்பியா?"

"சின்னப் புள்ளையிலருந்து நான்தாம்மா. எங்க ஊர்ல யார் வூட்டு ஆடு சிக்கிக்கினாலும் என்னத்தான் இட்டுக்கினு போவாங்க." முழங்கையை நீட்டிக் காட்டினாள். கீறலும் தழும்புமாக இருந்தது. "இது முட்டுனது. இது கடிச்சது. இது இன்னான்னே தெரியல."

நான் ஒரு டப்பாவைக் கொடுத்து சிறுநீர் வாங்கிக்கொண்டு லேபுக்கு வந்தேன். ரத்தத்தில் அத்தனை ஹார்மோன் இருந்தால் சிறுநீரிலும் கொஞ்சமாவது இறங்கியே தீர வேண்டும். கர்ப்பம் பார்க்க மருந்துக் கடையில் விற்கிற சாதாரணக் கார்டில் நாலு சொட்டு விட்டேன். ஒரே ஒரு கோடுதான் வந்தது. இன்னொரு கார்டு பிரித்தேன். அதிலும் ஒரு கோடு. ரத்தம் ஆம் என்கிறது, சிறுநீர் இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

கிட்டோடு ஒரு காகிதம் வரும், உங்களுக்குத் தெரியும். எறும்பு எழுத்தில் அச்சடித்து, எட்டாக மடித்து வைத்திருப்பார்கள். அதைப் பிரித்துப் படிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். கிட்டின் இரண்டு கைகளும் எதிலிருந்து செய்தவை என்று போட்டிருந்தது. ஆட்டின் ரத்தத்திலிருந்து.

அந்த நிமிஷம் எனக்கு மாதேஸ்வரியின் முழங்கைத் தழும்புகள் ஞாபகம் வந்தன. ஆட்டோடு பழகுகிற சிலர் ரத்தத்தில், எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும், ஆட்டுச் சரக்கு எதைக் கண்டாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் உருவாகிவிடும். அப்படி ஒன்று மாதேஸ்வரியின் ரத்தத்தில் இருந்தால், அது கிட்டின் ஒரு கையை இந்தப் பக்கமும் மறு கையை அந்தப் பக்கமும் பிடித்துச் சேர்த்துவிடும். நடுவில் ஹார்மோன் இல்லாமலே விளக்கு எரியும். அந்தப் பொருள் பெரியது, சிறுநீரில் இறங்காது. அதனால்தான் கார்டு இல்லை என்கிறது. ஆட்டோடு அவள் இருக்கும்வரை எண்ணும் இருக்கும். எத்தனை ஊசி போட்டாலும் இறங்காது. இறங்கவில்லை என்று அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து என்று போய், கடைசியில் ஒரு குறையும் இல்லாத கர்ப்பப்பையை எடுத்துத் தட்டில் வைத்துவிடுவார்கள்.

கிட் புதிதாக வந்தபோது அதைச் சோதிக்காமல் ஒன்றும் உபயோகத்துக்கு விடவில்லை. எல்லா லேபும் செய்கிற மாதிரிதான் செய்தோம். யார் ரத்தத்தில் சோதித்தோம் என்பதுதான் கேள்வி. கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருந்தவர்கள் ஹாஸ்டல் பெண்கள். அவர்களுக்கு ஆட்டோடு இருந்த சம்பந்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில்தான். மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களின் ரத்தம் ஒரு சொட்டுகூட அந்தச் சோதனையில் இல்லை. நாம் வைத்தியம் பார்ப்பதில் பாதிப் பேர் அவர்கள்தான்.

டாக்டரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா கார்டும் சில நேரம் தப்பா காட்டும். நான் ஊசியைத் தள்ளிப்போட்டு, அது டியூப்ல இருந்து வெடிச்சுதுன்னா அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம், அவ்வளவுதான். சந்தேகத்தை நம்பி ஒரு டாக்டர் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

"நாளைக்கு ஒரு நாள் குடுங்க டாக்டர். வார்டிலேயே இருக்கட்டும், பிபி பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. திங்கட்கிழமை காலைக்குள்ள நான் நிரூபிக்கலேன்னா நீங்க ஊசியைப் போடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க வாய் திறக்காம இருக்கிறதைப் பார்க்கவாவது ஒரு நாள் குடுக்கலாம்" என்றார். அந்த நேரத்தில் அவரால் கேலி செய்ய முடிந்ததே என்று எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் வந்தது.

இந்த மாதிரிக் குறுக்கீட்டைப் பிடிக்க விலைக்கு மருந்துக் குழாய்கள் உண்டு. எங்களிடம் இல்லை, வரவழைக்கவும் நேரமில்லை. ஆனால் யோசித்தால் விஷயம் ஒன்றுதான். அவள் ரத்தத்தில் இருப்பதற்கு ஆடு வேண்டும். நிஜமான ஆட்டுச் சீரத்தை, ரத்தம் உறைந்ததும் பிரிகிற தெளிநீரை, முன்கூட்டியே நிறையக் கொடுத்துவிட்டால் அது அதைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும், கிட்டின் பக்கம் வராது. நிஜமான ஆட்டுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சர்ச் ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு கறிக்கடை வாசலில் போய் நின்றேன். முன்னால் நின்ற ஆள் ஈரல் கேட்டார். நான் கையிலிருந்த குழாய்களை நீட்டி, "இதுல ரத்தம் புடிச்சுக் குடுங்க. உப்புப் போடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க" என்றேன்.

கடைக்காரர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "பொரியலுக்காம்மா? இத்தூண்டு குழாய்ல இன்னா ஆவும்? சட்டி எடுத்தாங்க."

"பொரியலுக்கு இல்லங்க. டெஸ்ட்டுக்கு."

"ஆட்டுக்கு உடம்பு சரியில்லன்னு எவன் சொன்னான்?" என்று அவர் கத்தியோடு எழுந்துவிட்டார். உங்கள் ஆட்டுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு பொண்ணுக்காகத்தான் என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. விஷயம் புரிந்ததும் அவரே பார்த்துப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்.

லேபில் அதை மிஷினில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்தேன். மாதேஸ்வரியின் சீரத்தில் சரிபாதி ஆட்டுச் சீரம் கலந்தேன். இன்னொரு குழாயில் அவள் சீரத்தோடு அதே அளவு வெறும் சலைன், உப்புத் தண்ணீர். மூன்றாவதாக, பிரசவ வார்டில் இருந்த நிஜக் கர்ப்பிணி ஒருத்தியின் சீரத்தோடும் அதே ஆட்டுச் சீரம். இந்த மூன்றாவதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆட்டுச் சீரம் நிஜ ஹார்மோனையும் மறைத்துவிட்டால், என் சந்தோஷத்துக்காக நானே ஒரு பொய் ரிப்போர்ட் தயாரித்ததாகிவிடும். அந்தப் பொய்யால் குழாயில் ஒளிந்திருக்கும் கரு வெடித்து அந்தப் பெண் செத்தும் போவாள்.

மிஷின் ஓடி முடிகிறவரை எனக்கு உட்கார முடியவில்லை. ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கர்ப்பிணியின் எண், கலந்த அளவுக்குப் பாதியாகக் குறைந்து நின்றது. சலைன் கலந்த மாதேஸ்வரியின் எண்ணும் அதேபோலப் பாதியில் நின்றது. ஆட்டுச் சீரம் கலந்த மாதேஸ்வரிக்கு ஒன்றுமே இல்லை. சுத்தமாகப் பூஜ்யம்.

ஆராதனை முடிந்து பட்டுச்சேலையோடு ஓடிவந்த டாக்டர் மூன்று எண்ணையும் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாளைக்கு நான் போட்டிருப்பேன் மேடம்" என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஊசி நின்றது. மறுநாள் அவள் ரத்தத்தை வேறு கிட் வைத்திருக்கும் வேலூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினோம். மாலையே பதில் வந்தது. அங்கேயும் ஹார்மோன் இல்லை. நாள் தள்ளிப்போனதும் தீட்டு பட்டதும் வெறும் மாதவிடாய்க் கோளாறு. லேபில் டீயும் பஜ்ஜியும் வரவழைத்தோம். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடேயே டாக்டரும் நானும் வார்டுக்குப் போனோம். டாக்டர் எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னார். ஊசி வேண்டாம், உடம்பில் ஒரு குறையும் இல்லை, அந்த எண் ஆட்டுப் பழக்கத்தால் வந்தது. கோவிந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். மாதேஸ்வரி கும்பிடவில்லை. டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கொழந்தை?"

"இல்லம்மா" என்றார் டாக்டர்.

"செத்துப்போச்சா?"

"இல்ல மாதேஸ்வரி. மொதல்லருந்தே இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஜன்னலில் வைத்து, நல்லதுதான் என்று சொன்னவள் நான்தானே.

"நான் டெய்லி பேசுவேன்மா. காலைல ஆடு ஓட்டிக்கினு போம்போது இது ஓடை, இது நம்ம பலாமரம்னு எல்லாம் சொல்லிக்கினே போவேன். நேத்துகூட பேசுனேன். அப்ப இத்தினி நாளா நான் யாராண்ட பேசிக்கினு இருந்தேன்?"

 அவளை ஒரு பெரிய ஆபத்திலிருந்து மீட்டதாக நினைத்துக்கொண்டு பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருந்தோம். அவளைப் பொறுத்தவரை நாங்கள் ஒரு குழந்தையைக் கொடுத்தோம், இப்போது வந்து எடுத்துக்கொண்டோம். கட்டிலில் உட்கார்ந்து அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், நானும் அழுதேன். பிள்ளைகளே, நாம் அனுப்புவது ஒரு எண். அது போய்ச் சேருகிற இடத்தில் எண்ணாக இருப்பதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, "ஆட்டையெல்லாம் வித்துடட்டுமாம்மா?" என்று கேட்டாள். "நீ ஏன் விக்கணும்? மாத்த வேண்டியது எங்க கிட்டைத்தான்" என்றேன். மாற்றவும் மாற்றினோம். அதற்குப் பிறகு எந்தப் புதுக் கிட் வந்தாலும் மலைப் பஸ் வருகிற நாளில் இறங்குகிறவர்களிடம் கேட்டு, அவர்கள் ரத்தத்திலும் பார்த்த பிறகுதான் உபயோகத்துக்கு விட்டோம். நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள்.

மாதேஸ்வரி ரொம்ப நாள் வரவில்லை. ஒருநாள் டாக்டரிடம் போகாமல் நேராக லேப் ஜன்னலில் வந்து நின்றாள். "நாள் தள்ளிப் போச்சும்மா. ரத்தம் வாணாம். மூத்திரத்துலயே பாரு" என்றாள். பார்த்தேன். இரண்டு கோடு, பளிச்சென்று. நான் துள்ளினேன். அவள் துள்ளவில்லை. "இது ஆடு இல்லியே?" என்றாள். மூத்திரத்தில் ஆடு வராது என்று எத்தனை சொல்லியும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். "வயித்து மேல கையக்கூட வெக்க மாட்டேன்றாம்மா" என்று கோவிந்தன் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்கேன் அன்று நானும் கூட இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அரிசி அளவு ஒன்று, அதற்குள் ஒரு துடிப்பு, மினுக் மினுக்கென்று. டாக்டர் சத்தத்தைத் திறந்தார். அறை முழுக்க அந்த வேகமான அடிப்பு கேட்டது. மாதேஸ்வரி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நெசமாம்மா?"

"நெசம் மாதேஸ்வரி. சத்தியமா."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு, இரகசியம் கேட்பது போல, "இப்ப நான் பேசலாமா?" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.